ரோமானியர் சொல்லாத வரி

காலியாக விட வேண்டிய இடத்தில் தத்தேயோ எழுதிவிட்டான். நடந்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

அச்சு எந்திரம் இத்தாலி நாட்டுக்கு வந்து சேராத காலம். புத்தகம் வேண்டுமென்றால் ஒருவன் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். பழைய ரோமானியர் எழுதிய நூல்கள் மலைமேல் மடங்களில் தூசு படிந்து கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, பிரதி செய்து, பிழை நீக்கிப் பரப்புவதே பெரும் படிப்பு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. மொந்தால்பா என்ற ஊரில் பள்ளி வைத்திருந்த ஒத்தாவியோ அந்தக் கூட்டத்தில் ஒருவர். தத்தேயோ அவர் மாணவன்.

தத்தேயோவின் தகப்பன் கோவேறு கழுதைகளில் உப்பு ஏற்றி மலை கடப்பவன். ரோமானியர் போட்டுவைத்த சாலை அது. வழி நெடுக அவர்கள் நட்ட மைல்கற்கள் நின்றன. கழுதைகள் மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் பையன் கல்லில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டிருப்பான். சத்திரத்தில் தங்கிய பாதிரியார் ஒருவர் எழுத்துக்கு ஒலி சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவனுடைய ஆரம்பப் பள்ளி.

பத்து வயதில் தகப்பன் அவனை ஒத்தாவியோவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இது கழுதைக்குத் தீனி வைக்க மறந்துவிட்டுக் கல்லைப் படிக்கிறது, ஐயா. எனக்குக் கட்டுப்படியாகாது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

ஒத்தாவியோ பையனைப் பார்த்தார். "என்ன படிப்பாய்?"

"எது கிடைத்தாலும்."

"ஒன்றும் கிடைக்காவிட்டால்?"

"நானே எழுதிப் படிப்பேன்."

அன்று அவர் சிரித்தார்.

ஒத்தாவியோவின் பள்ளியில் சாப்பாட்டு மேசையிலும் லத்தீன்தான் பேச வேண்டும். வீட்டுப் பேச்சு வாய்தவறி வந்துவிட்டால் அன்று அவனுக்குப் பாலாடைக்கட்டி கிடையாது. அது பக்கத்தில் இருப்பவனுக்குப் போகும். தத்தேயோ ஒரு நாளும் தன் கட்டியை இழந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்த எர்கோலேயின் கட்டியைத் தின்றே வளர்ந்தான்.

எர்கோலே பட்டு வியாபாரி மகன். அவனும் கெட்டிக்காரன்தான். ஆனால் கோபம் வந்தால் லத்தீன் மறந்துவிடும். "தின்னுடா, உப்பு மூட்டை, தின்னு!" என்று வீட்டுப் பேச்சில் கத்துவான். மறுநாள் கட்டியும் போய்விடும்.

லத்தீன் சரி. கிரேக்கத்துக்குத்தான் ஆள் இல்லை. கிரீட் தீவிலிருந்து வந்த ஒருவன் ஒரு குளிர்காலம் சோற்றுக்காகப் பள்ளியில் தங்கி, எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிவிட்டுப் பனி உருகியதும் போய்விட்டான். அந்த ஒரு குளிர்காலத்துக் கிரேக்கத்தை வைத்துக்கொண்டு தத்தேயோ தலை நிமிர்ந்து நடந்தான். எர்கோலே தகப்பன் பணத்தில் வெனிஸுக்கே போய்விட்டான், ஒழுங்காகக் கிரேக்கம் படிக்க.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மடத்திலிருந்து பிரதி செய்ய அந்த நூல் இரவலாக வந்தது.

சின்ன நூல். பிள்ளையைப் பறிகொடுத்த மகளைப் பற்றி ஒரு ரோமானியத் தகப்பன் எழுதியது. மகள் அழவில்லை, பேசவில்லை, கல்லாக உட்கார்ந்திருக்கிறாள். தத்துவ ஞானிகள் வரிசையாக வந்து ஆறுதல் சொல்கிறார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் குழந்தைக்கு மருந்து கொடுத்த கிரேக்க வைத்தியன் வந்து தன் பாஷையில் ஏதோ சொல்கிறான். அதைக் கேட்டதும் மகள் அழுகிறாள்.

வைத்தியன் என்ன சொன்னான்? அங்கே ஒரு சாண் அளவுக்கு ஏடு வெறுமையாக இருந்தது.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மடத்துத் துறவிகளுக்குக் கிரேக்க எழுத்துத் தெரியாது. லத்தீன் நூலில் கிரேக்கம் வந்தால் இடம் விட்டுவிட்டு மேலே போவார்கள். பிரதி செய்கிறவனும் அதே அளவு இடம் விட வேண்டும். தெரிந்தவன் என்றாவது ஒரு நாள் வந்து எழுதுவான். அதுதான் வழக்கம்.

ஒத்தாவியோ அப்போது கால் வீங்கிப் படுக்கையில் கிடந்தார். தத்தேயோ தனியாகப் பிரதி செய்தான். வெற்றிடம் வந்தது. கை நின்றது. பிறகு அரித்தது.

வைத்தியன் என்ன சொல்லியிருப்பான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தான். தன் குளிர்காலத்துக் கிரேக்கத்தில் எழுதினான்:

"துக்கம் விருந்தாளி. அதற்குக் கட்டில் போடாதே."

எழுதிவிட்டுப் பார்த்தான். அடுத்த வரி இடித்தது. இப்படிப்பட்ட வீரமான வார்த்தையைக் கேட்டுவிட்டு மகள் எதற்காக அழ வேண்டும்? துறவிதான் தவறாக எழுதியிருப்பான் என்று முடிவு கட்டினான். 'அழுதாள்' என்ற இடத்தில் 'கண்ணைத் துடைத்துக்கொண்டாள்' என்று எழுதினான். இப்போது எல்லாம் பொருந்தியது.

மூலம் மடத்துக்குத் திரும்பிப் போயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கிய ஒத்தாவியோ பிரதியைப் படித்தார்.

"இந்தக் கிரேக்கம் எங்கே கிடைத்தது?"

"மங்கலாக இருந்தது, ஐயா. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்."

"நல்ல கண்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஊர்ப் பிரபுவின் மகள் காய்ச்சலில் செத்தாள். ஓரியெத்தா என்று பெயர். ஆறு வயது. பிரபுவின் மனைவி வியோலாந்தே அறையை விட்டு வரவில்லை என்றார்கள். ஒத்தாவியோ அந்த நூலின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனார். படித்துக் காட்டத் தத்தேயோவும் போனான்.

வைத்தியன் வரி வந்ததும் அந்த அம்மாள் கையை உயர்த்தினாள்.

"அது என்ன பாஷை? என்ன அர்த்தம்?"

தத்தேயோ அர்த்தம் சொன்னான்.

"இன்னொரு தரம் சொல்."

சொன்னான்.

மறுநாள் அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். அடுத்த மாதம் குழந்தையின் கல்லறையில் அந்த வரியைப் பொன் பூசி வெட்டினார்கள். பிஷப் அதை வைத்துப் பிரசங்கம் செய்தார். பதுவாவிலிருந்தும் மாந்துவாவிலிருந்தும் பிரதி கேட்டு ஆள் வந்தது. ஆயிரம் வருஷத்து ஞானம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். சாவு வீடுகளில் சொன்னார்கள். மங்கிய ஏட்டில் அதைக் கண்டுபிடித்த கண்ணுக்குச் சொந்தக்காரன் யார் என்றும் கேட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பிரபு ஆளனுப்பினார். தம் பையன்கள் இருவருக்கும் தத்தேயோவே ஆசானாக வர வேண்டும். அறுவடை முடிந்ததும் மாளிகைக்கு வந்துவிடலாம். தனி அறை, கணப்பு, வெல்வெட் அங்கி.

உப்புக்காரத் தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மலைச்சாலையில் ஒரு சத்திரம் பாக்கி வைக்காமல் சொல்லிவிட்டான்.

அப்போது எர்கோலே வெனிஸிலிருந்து வந்து சேர்ந்தான். நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். தோள்பையைப் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"உன் கிரேக்க வைத்தியனைப் பார்த்தேன், உப்பு மூட்டை" என்றான், சுத்தமான லத்தீனில்.

"எங்கே?"

"இதற்குள் இருக்கிறான். அதே நூல். உன் மடத்துப் பிரதியைவிட வயதானது. எழுதியவனுக்குக் கிரேக்கம் தெரிந்திருக்கிறது. வெற்றிடமே இல்லை."

தத்தேயோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

"கட்டிலும் இல்லை, விருந்தாளியும் இல்லை. படிக்கட்டுமா?"

"படி" என்றது மேசையின் தலைமாட்டிலிருந்து ஒத்தாவியோவின் குரல்.

எர்கோலே ஏட்டைப் பிரித்தான். கிரேக்கத்தில் படித்தான். பிறகு எல்லாருக்கும் புரியும்படி சொன்னான்:

"'என் பிள்ளையும் செத்தது. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.'"

ஏட்டைத் தத்தேயோவின் பக்கம் தள்ளினான்.

"அதைக் கேட்டு மகள் அழுதாள் என்று போட்டிருக்கிறது" என்றான் எர்கோலே. "நன்றாகத்தான் அழுதிருக்கிறாள். என்ன, முகம் வெளுத்துவிட்டது? வெனிஸில் நல்ல சிவப்புச் சாயம் விற்கிறது."

"யாரிடமாவது சொன்னாயா?" என்றான் தத்தேயோ.

"வரும் வழியில் பதுவாவில் சொன்னேன். சிரிக்கிறார்கள். பழையதே நன்றாக இருக்கிறது, அதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். மாளிகையில் நீ போய்ச் சொல்கிறாயா, நான் போகட்டுமா? அந்த வெல்வெட் அங்கி எனக்கும் பொருந்தும்."

சாப்பாடு முடிந்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். தத்தேயோ ஆசிரியர் எதிரில் நின்றான்.

"ஐயா, அது மங்கலாக இருக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. நான்தான் எழுதினேன்."

"இப்போது தெரிகிறது."

"முன்பே சந்தேகப்பட்டீர்களா?"

"இல்லை. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. பிடித்ததைச் சந்தேகப்படக் கிழவனுக்கும் தோன்றவில்லை. உட்கார்."

உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்துவிட்டது. அது அவன் சுபாவம்.

"ஐயா, ஒன்று கேட்கிறேன். என் வரியைக் கேட்டு ஓர் அம்மாள் அறையை விட்டு வெளியே வந்தாள். எத்தனையோ சாவு வீடுகளில் அதைச் சொல்லித் தேற்றுகிறார்கள். அந்த வைத்தியன் சொன்னதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்று அவனே சொல்கிறான். நல்லதை எடுத்துவிட்டு வெறுங்கையைக் கொடுக்க வேண்டுமா?"

ஒத்தாவியோ காலை மணையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"எங்கள் ஊரில் ஒருவன் சண்டைக்குப் போனான். கூடப் போனவன் மட்டும் திரும்பி வந்தான். 'உன் புருஷன் என் மடியில்தான் செத்தான். நீ மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவன் கடைசி வார்த்தை' என்றான் வராதவன் பெண்டாட்டியிடம்."

"அப்படிச் சொன்னாரா அவர்?"

"எவன் கண்டான்? சேற்றில் விழுந்ததைத்தான் இவன் பார்த்தான். அந்தப் பெண் வாடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் சொன்னான். அவள் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மாப்பிள்ளை. சந்தோஷமாக இருந்தாள்."

"பிறகென்ன, ஐயா? நல்லதுதானே?"

"திராட்சை பறிக்கிற நேரத்தில் புருஷன் வந்துவிட்டான்."

தத்தேயோ சிரித்துவிட்டான். சிரித்தபடியே சொன்னான்: "இது செத்து ஆயிரம் வருஷமான ரோமானியர், ஐயா. அவர் திரும்பி வரப்போவதில்லை."

"எர்கோலேயின் பையில் வந்திருக்கிறாரே."

சிரிப்பு நின்றது.

தத்தேயோ கேட்டான். "அந்த அம்மாளுக்கு விவரமாக ஒரு கடிதம் எழுதட்டுமா?"

"எழுதினது போதும். வாயால் சொல்."

மறுநாள் போனான். மாளிகையின் பின்கட்டில் வியோலாந்தே எலுமிச்சைத் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தச் சொல்லிக்கொண்டு நின்றாள். நிமிர்ந்த பெண். கழுத்து வலிக்கும் அளவுக்கு நிமிர்வு.

"ஆசான் வந்துவிட்டாரா! அறுவடை இன்னும் முடியவில்லையே."

"அம்மணி, கல்லறையில் உள்ள வரி பொய். கிரேக்கர் யாரும் அதைச் சொல்லவில்லை. நான் எழுதினேன்."

வேலைக்காரர்கள் தொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையசைத்ததும் போனார்கள்.

"நீ எழுதினாயா?"

"ஆமாம்."

"அப்போது உனக்கு என்ன வயது?"

"பதினெட்டு."

"உனக்கு யாராவது செத்திருந்தார்களா?"

"ஒரு கழுதை செத்தது, அம்மணி. வேறு யாரும் இல்லை."

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. கல்லில் வெட்டியதுதான் அவனுக்குப் படிக்க வரும்.

"உண்மையில் அந்த வைத்தியன் என்ன சொன்னான்?"

சொன்னான். இந்தத் தடவை அவள் இன்னொரு தரம் சொல்லச் சொல்லவில்லை.

"அதைக் கேட்டு அந்த மகள் என்ன செய்தாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இல்லையா? அது நினைவிருக்கிறது எனக்கு."

தத்தேயோ இல்லை என்று தலையசைத்தான். "அதுவும் நான் மாற்றியது. அவள் அழுதாள் என்றுதான் இருந்தது."

"ஓ. அதுவும் நீதானா."

ஓர் எலுமிச்சை இலையைப் பறித்து நுனியிலிருந்து கிழித்தாள்.

"ஓரியெத்தாவின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று வைத்தேன், தெரியுமா? அவள் தம்பிகள் ஒரு தடவை எடுத்தார்கள். அடித்தேன். கட்டில் போடக் கூடாதே என்றுதான். ஆயிரம் வருஷமாய்ப் பெரியவர்கள் சொல்லி வந்த வழி, எனக்குத்தான் அது கைவரவில்லை என்று நினைத்தேன். இரண்டு வருஷமாகத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன், தம்பி."

அவன் தலை குனிந்தான்.

"என் பையன்களுக்கு நீ வேண்டாம்."

"தெரியும், அம்மணி."

"தெரிந்தும் ஏன் வந்தாய்? மனசாட்சியா?"

"என் வாத்தியார் அனுப்பினார்."

"நீயாக வந்திருக்க மாட்டாயா?"

தத்தேயோ யோசித்தான். "மாட்டேன்."

"அதையாவது ஜோடிக்காமல் சொன்னாய். போ."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்தது. ஊரே எழுந்து கிளம்பும் நேரத்தில் வியோலாந்தே மகளின் கல்லறைப் பக்கம் போய் நின்றாள். கொத்தனும் உளியோடு நின்றான். கூட்டம் நின்றுவிட்டது.

பிஷப் வேகமாக வந்தார். "வேண்டாம், மகளே. விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல வரி. எத்தனையோ பேரைத் தேற்றுகிறது. யார் சொன்னால் என்ன?"

"யாரோ சொன்னார் என்றுதானே வெட்டச் சொன்னேன், சுவாமி?"

"ஜனங்களுக்கு இதெல்லாம் எதற்கு?"

"நானும் ஜனம்தான்."

கொத்தனைப் பார்த்துத் தலையசைத்தாள். பொன் எழுத்து ஒவ்வொன்றாகச் சிதறியது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். சத்தமாகவே சொன்னாள்:

"இதைச் சொன்னது கிரேக்கரும் இல்லை, ரோமானியரும் இல்லை. நம் ஊர்ப் பள்ளியில் ஒரு பையன். இதை நான் நம்பினேன். நான் நம்பியதால் நீங்கள் நம்பினீர்கள். உங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு அழாமல் வைத்திருந்தால் இன்றைக்குப் போய் அழுங்கள். என் மகள் பெயர் ஓரியெத்தா."

பின்வரிசையில் ஒரு கிழவர் ஓவென்று அழ ஆரம்பித்தார். எந்தச் சாவுக்கு என்று யாரும் கேட்கவில்லை.

பதுவாவுக்கும் மாந்துவாவுக்கும் அவளே குதிரையில் ஆள் அனுப்பினாள். பிரதி வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் போய், அவர்கள் கண்ணெதிரே சரியான வரியைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்று கட்டளை. எர்கோலே சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளே வேண்டாம் என்று தூக்கி எறிந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெல்வெட் அங்கி எர்கோலேக்குப் போயிற்று. தத்தேயோ பள்ளியிலேயே இருந்து சின்னப் பையன்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தான். தகப்பன் கொஞ்ச காலம் வேறு பாதையில் உப்பு ஏற்றினான்.

குளிர் தொடங்கியபோது ஒத்தாவியோ அந்த நூலை முதலிலிருந்து புதிதாக எழுதச் சொன்னார். எர்கோலே கொண்டுவந்த ஏட்டை எதிரில் வைத்துத் தத்தேயோ எழுதினான். வைத்தியன் சொன்னதைச் சொன்னபடி எழுதினான். மகள் அழுதாள் என்று எழுதினான். கடைசிப் பக்கம் வந்தது.

பிழை நீக்கிய நூலின் முடிவில் 'இதைத் திருத்தியவர் இன்னார்' என்று பெயர் எழுதுவது படிப்பாளிகள் வழக்கம். நூல் உள்ளவரை அந்தப் பெயரும் இருக்கும். அதற்காகவே உயிரை விடுகிறவர்கள் உண்டு.

எர்கோலேயும் அன்று வந்திருந்தான், அங்கியோடு.

"என் பெயரைப் போடு. வெனிஸிலிருந்து சுமந்து வந்தவன் நான்."

"சுமந்து வந்தாய். பதுவாவில் சிரித்தார்கள், நீயும் சிரித்துவிட்டு வந்தாய். மாளிகைக்குப் போய் வாயைத் திறந்தவன் நான்."

"உன் தப்பை நீ சொன்னதற்குப் பெயர் வேறு வேண்டுமா உனக்கு?"

"உன்னைப்போலப் பையைச் சுமக்க ஒரு கழுதை போதும்!"

"கழுதை உங்கள் குடும்பத் தொழில்!" என்று எர்கோலே வீட்டுப் பேச்சில் கத்தினான்.

ஒத்தாவியோ தடியால் தரையைத் தட்டினார். இருவரும் நிறுத்தினார்கள்.

தத்தேயோ மையைத் தொட்டுக்கொண்டான். "அப்படியானால் உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன், ஐயா. என்னை அனுப்பியவர் நீங்கள்தானே."

"அந்தப் பொய்யை ரசித்தவன் நான். வேண்டாம்."

"வேறு யார் பெயர்?"

"வியோலாந்தே."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"ஐயா, அவருக்குக் கிரேக்கத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதே!"

"தெரிந்தவர்கள் செய்ததைத்தான் பார்த்தோமே. மை காய்கிறது. எழுது. வியோலாந்தே."